மோக்லோஸ், ப்சீரா: மினோவர்கள் ஏன் இத்தனூண்டு தீவுகளில் போய்ப் புதைத்தார்கள்?

நாடோடி செல்வன்:

வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் தம்பியும் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிறோம். நோசோஸ், ஃபைஸ்டோஸ் அரண்மனை இடிபாடுகள் எல்லாம் எப்படியும் பார்த்துவிடுவோம். என் கண் போயிருப்பது கிழக்கே, மிராபெல்லோ வளைகுடாப் பக்கம் இருக்கும் இரண்டு குட்டித் தீவுகள் மேல். மோக்லோஸ், ப்சீரா. இரண்டிலும் 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மினோவன் (கிரீட்டின் வெண்கலக் கால மக்கள்) கல்லறைகள் இருக்கின்றன. இரண்டிலும் இன்று குடியிருப்பு இல்லை.

என் சந்தேகம் இதுதான். கிரீட் 260 கி.மீ. நீளமுள்ள பெரிய தீவு. இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்படியிருக்க, பிணத்தைப் படகில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டிய அவசியம் என்ன? செத்தவர் ஊருக்குள் திரும்பி வந்துவிடக் கூடாது என்ற பயமா? நீரைக் கடந்தால்தான் மறுமை என்ற நம்பிக்கையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

மண்வெட்டி:

செல்வன், அடிப்படையிலேயே ஒரு சிக்கல். அவர்கள் புதைத்தபோது மோக்லோஸ் தீவே இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனை அது. நடுவில் ஒடுக்கமான நிலப்பட்டை ஒன்று இருந்தது. பிணத்தோடு நடந்தே போயிருப்பார்கள்.

பிறகு கடல் மட்டம் ஏறியது, அந்தக் கரையும் தாழ்ந்தது, பட்டை முழுகிவிட்டது. இதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது. மோக்லோஸ் கிராமக் கரையில் ரோமானியர் பாறையில் வெட்டிய மீன் தொட்டிகள் உண்டு. உயிருள்ள மீனைப் போட்டு வைப்பதற்கான தொட்டி என்றால் கடல்நீர் உள்ளே வந்து போகும் மட்டத்தில்தானே வெட்டுவார்கள்? இன்று அவை நீருக்கடியில் கிடக்கின்றன. ரோமானியர் காலத்திலிருந்தே இவ்வளவு ஏற்றம் என்றால், அதற்கும் 2,000 ஆண்டு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த நிலப்பட்டை ஊருக்குப் பெரிய வரம். ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் படகை ஒதுக்கலாம். கிரீட்டின் வடகரையில் இப்படி இரட்டைத் துறை அமைவது அபூர்வம். ஊர் பிழைத்ததும் செழித்ததும் அதனால்தான். ஊர் தென்சரிவில், கரையைப் பார்த்தபடி இருந்தது. கல்லறைகள் மேற்கு முனையில், செங்குத்துப் பாறையை ஒட்டி. ஊர் ஒரு பக்கம், இடுகாடு நடந்து போகிற தூரத்தில் இன்னொரு பக்கம், அவ்வளவுதான்.

*

ஒலிவமரம்:

நான் ஏதென்ஸில் வேலை பார்க்கிறேன். மோக்லோஸ் பக்கம் அடிக்கடி போவதுண்டு. செல்வனுக்கு இடம் மனத்தில் பதிய ஒரு வார்த்தை: அகியோஸ் நிக்கோலாவோஸ் ஊரிலிருந்து சித்தியா போகும் சாலையில் பாதி வழியில் இடதுபுறம் இறங்க வேண்டும். மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதை. கீழே சின்ன மீனவக் கிராமம், தண்ணீரை ஒட்டி நாலைந்து உணவகங்கள். எதிரே 150 மீட்டர் தள்ளித் தீவு. சத்தமாகக் கூப்பிட்டால் அங்கிருப்பவர் திரும்பிப் பார்ப்பார். தீவில் வெள்ளையடித்த சின்னத் தேவாலயம் ஒன்று தெரியும், புனித நிக்கோலாவோஸ் கோயில், கடலோடிகளுக்குக் காவல். அதன் பக்கத்திலேயே மினோவன் வீடுகளின் சுவர்கள்.

கல்லறைகளுக்கு மேற்கே ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். நல்ல காலணி அவசியம். ஒரு திருப்பத்தில் பாறைக்கும் கடலுக்கும் நடுவே படிபோன்ற ஒரு மேடை வரும். அங்கே வரிசையாகக் கல்லறைகள். கல்லறை என்று யாரும் சொல்லாவிட்டால் இடிந்த வீடு என்றே நினைப்பீர்கள். நாலு சுவர், வாசல், உள்ளே இரண்டு அறை. சில இடங்களில் ஆளுயரத்துக்குச் சுவர் நிற்கிறது. பின்சுவர் கட்டவே இல்லை, மலைப்பாறையே பின்சுவர்.

*

மண்வெட்டி:

ஒலிவமரம் சொன்னது சரி. இந்த வகையை வீட்டுக் கல்லறை என்றே அழைக்கிறார்கள். செவ்வகம், தட்டையான கூரை, மேலே நாணலும் களிமண்ணும். உயிரோடு இருப்பவர் வீட்டைக் கட்டிய அதே முறை. கிழக்குக் கிரீட் முழுக்க இதுதான் வழக்கம். பக்கத்திலுள்ள கூர்னியா என்ற மினோவன் ஊர் இடிபாட்டிலும் உண்டு.

தெற்கே மெசாரா சமவெளிக்குப் போனால் கதை வேறு. அங்கே தோலோஸ் எனப்படும் வட்டக் கல்லறைகள். பிளாட்டனோஸில் உள்ள பெரியது உட்புறம் ஏறக்குறைய 13 மீட்டர் விட்டம். தாழ்வான வாசல், பெரும்பாலும் கிழக்கு நோக்கி. அதன் மேலே கல்லிலேயே முழுக் கூம்புக் கூரை இருந்ததா, மேல்பகுதி மரமும் நாணலுமா என்று நூறு ஆண்டாகச் சண்டை. தொல்லியலாளர் சாந்தூதிதிஸ் 1924-இல் அவற்றைப் பற்றிப் புத்தகம் போட்ட காலத்திலிருந்து ஓயவில்லை.

*

குறுக்குக்கேள்வி:

சரி, மோக்லோஸ் முனை என்றே வைத்துக்கொள்வோம். ப்சீரா? அது கரையிலிருந்து இரண்டு மூன்று கி.மீ. கடலுக்குள் இருக்கிறது. எந்தக் காலத்திலும் தீவுதான். அங்கேயும் பெரிய இடுகாடு இருக்கிறதே.

அதோடு நிற்கவில்லை. கெரோஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். பளிங்குப் பொம்மைகளை வேண்டுமென்றே உடைத்து மற்றத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து போட்ட இடம். ரெனேயா தீவு? கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் டெலோஸ் தீவிலிருந்த கல்லறைகளைத் தோண்டியெடுத்து எதிரே இருக்கும் ரெனேயாவுக்கு மாற்றினார்கள். டெலோஸில் யாரும் சாகவும் கூடாது, பிறக்கவும் கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஆக, கிரேக்கக் கடலில் சின்னத் தீவுக்கும் சாவுக்கும் உறவே இல்லை என்று அடித்துவிட முடியாது. செல்வன் கேட்டதில் ஏதோ இருக்கிறது.

*

நாடோடி செல்வன்:

அதானே! எனக்கு ஆள் கிடைத்துவிட்டார் :)

*

மண்வெட்டி:

மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ரெனேயா மினோவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. அங்கே காரணம் எழுத்திலேயே இருக்கிறது: டெலோஸ் அப்பல்லோ பிறந்த இடம், தீட்டுப் படக் கூடாது. அது அரசியலும் கலந்த சடங்கு. அதை எடுத்துக்கொண்டு கி.மு. 2500-ஐ விளக்க முடியாது.

கெரோஸ் கிரீட்டுக்கு வடக்கே இருக்கும் சைக்ளாடிக் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது, மினோவன் அல்ல. பொம்மைகள் கிடைத்த இடம் இடுகாடும் அல்ல. எலும்பு மிகக் குறைவு. 2006-லிருந்து ரென்ஃப்ரூ குழு தோண்டியபோது தெரிந்தது, வேறெங்கோ உடைத்த துண்டுகளைக் கொண்டுவந்து இட்டிருக்கிறார்கள் என்பது. அது ஒரு வழிபாட்டு வழக்கம். வேடிக்கை என்னவென்றால், கெரோஸுக்கு எதிரே இருக்கும் தஸ்கலியோ என்ற பாறைத் தீவும் அப்போது தீவில்லை. அதுவும் கெரோஸோடு ஒட்டியிருந்த முனைதான். மோக்லோஸ் கதையே அங்கும்.

இப்போது ப்சீரா. அது தீவுதான், ஆனால் வெறும் இடுகாடு அல்ல. சுமார் 60 கட்டடங்கள் கொண்ட ஊர் அங்கே இருந்தது. அமெரிக்கத் தொல்லியலாளர் சீகர் 1906, 1907-இல் தோண்டினார். பின்பு 1984-லிருந்து தொல்லியலாளர்கள் பெட்டன்கோர்ட்டும் தாவராஸும் முழுத் தீவையும் அலசினார்கள். தண்ணீர் இல்லாத மொட்டைப் பாறையில் ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டியிருக்கிறார்கள். சரிவுகளில் படி படியாக வயல். அந்த வயல் மண்ணை வேதியியல் சோதனைக்கு அனுப்பியபோது எரு போட்ட தடயம் கிடைத்தது, அதுவும் வீட்டுக் கழிவு சேர்ந்த எரு. இவ்வளவு பாடுபட்டு ஒரு தீவில் பயிர் செய்தவர்கள் அங்கேயே செத்தார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள். பிணத்துக்காகத் தீவைத் தேடிப் போகவில்லை.

இன்னொன்று. மோக்லோஸிலேயே இதற்கு நேர் எதிரான சான்று இருக்கிறது. கி.மு. 1450-ஐ ஒட்டி ஊர் அழிந்தது. கொஞ்ச காலம் கழித்து மறுபடி ஆட்கள் வந்து அதே முனையில் குடியேறினார்கள். அவர்கள் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் தெரியுமா? எதிர்க்கரையில், லிமெனாரியா என்ற மேட்டில். பாறையைக் குடைந்து சுமார் 30 அறைகள், உள்ளே சுட்டமண் ஈமப்பேழைகளும் தாழிகளும். முனையில் வாழ்ந்தவர்கள் கரையில் போய்ப் புதைத்தார்கள். தீவுதான் சாவுக்குரிய இடம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

*

குறுக்குக்கேள்வி:

லிமெனாரியா நல்ல அடி. ஆனால் அவர்கள் கிரேக்கப் பெருநிலத்து மைசீனியர் செல்வாக்கில் இருந்த காலத்தவர், வழக்கம் மாறியிருக்கும் என்றும் சொல்லலாமே. சரி, இதை விடுகிறேன். ப்சீரா கல்லறைகள் மோக்லோஸ் மாதிரி வீடாகவா இருக்கின்றன?

*

மண்வெட்டி:

சில அப்படி. பல வேறு. பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடிய கற்பதுக்கைகள், பாறை இடுக்குகள், தாழிகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. கற்பதுக்கை வடக்கே சைக்ளாடிக் தீவுகளின் வழக்கம். சிரோஸ் தீவின் கலாந்திரியானியில் த்சூந்தாஸ் 1898-இல் தோண்டியது நூற்றுக்கணக்கான அத்தகைய கல்லறைகளை. கிரீட்டின் கரையிலேயே, சித்தியாவுக்குப் பக்கத்தில் அகியா ஃபோத்தியாவில் 250-க்கு மேல் கல்லறைகள். பானைகளும் அமைப்பும் கிட்டத்தட்ட சைக்ளாடிக். மேலோஸ் தீவின் எரிமலைக் கண்ணாடியில் செய்த கத்திகளும் உண்டு. அங்கிருந்து வந்து குடியேறியவர்களா, அங்கே போய்வந்து பழகியவர்களா என்பது இன்றும் வாதம். நான் முதல் கட்சி.

*

தேன்மொழி:

இவ்வளவு பேசிவிட்டு யாரும் தங்கத்தைப் பற்றிச் சொல்லவில்லையே! மோக்லோஸ் என்றாலே அதுதானே பேர்.

1908-இல் ரிச்சர்ட் சீகர் என்ற அமெரிக்கர் மேற்குப் படியைத் தோண்டியபோது கிடைத்தவை: நெற்றிப்பட்டங்கள், மயிரிழை போன்ற சங்கிலிகள், இலைகள், பூத்தலை வைத்த கொண்டை ஊசிகள். எல்லாம் அடித்து மெல்லிசாக்கிய தங்கத் தகடு. கிரீட்டில் தங்கம் விளைவதில்லை. வெள்ளியும் இல்லை. அத்தனையும் கடல் வழியாக வந்த சரக்கு. ஒரு கல்லறையில் மேற்காசியப் பாணியில் வெள்ளி உருளை முத்திரை கூடக் கிடைத்தது.

இரக்லியோன் அருங்காட்சியகத்தில் ஒரு பட்டத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். விரலகலப் பட்டைதான். அதில் இரண்டு கண்கள். கோடு போட்டு வரைந்தவை அல்ல, பின்பக்கமிருந்து கூர்முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திப் புடைக்க வைத்தவை. சாய்ந்து பார்த்தால் விளக்கொளியில் புள்ளிகள் மட்டும் மின்னுகின்றன, கண் நம்மையே பார்க்கிறது. நேரே நின்றால் வெறும் தகடு. இரண்டு நுனியிலும் கட்டுவதற்குத் துளை. செத்தவரின் மூடிய கண்களுக்கு மேல் கட்டியிருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள்.

*

குறுக்குக்கேள்வி:

சாவுக்கென்றே செய்ததா, உயிரோடிருக்கும்போது அணிந்ததா? அவ்வளவு மெல்லிசாக இருந்தால் ஒரு நாள் கூடத் தாங்காதே.

*

தேன்மொழி:

அது பழைய கருத்து. பின்னால் நுணுக்கமாகப் பார்த்தவர்கள் சிலவற்றில் தேய்மானமும் ஒட்டுப் போட்டுச் சரிசெய்த தடமும் இருப்பதைக் காட்டினார்கள். விழா நாளில் அணிந்து, பெட்டியில் வைத்து, அடுத்த விழாவுக்கு எடுத்திருக்கலாம். சில பட்டங்கள் மடித்து, நசுக்கிக் கிடந்தன. இனி யாரும் அணியக் கூடாது என்று வேண்டுமென்றே மடித்தது போல. எனக்கு இது பிடித்த விளக்கம். ஒரு வீட்டின் அந்தஸ்தைக் காட்டிய பொருளை ஊரார் கண் முன்னாலேயே மடித்து மண்ணுக்குள் போடுவது என்பதே ஒரு பெருமைதான்.

கல் கிண்ணங்களையும் மறந்துவிடாதீர்கள். தங்கத்தைவிட அவைதான் எனக்கு உயர்வு. பளிங்கு, பல நிறக் கல், ஸ்டீடைட் என்ற மாக்கல், அந்தந்தக் கல்லின் கோடுகள் கிண்ணத்தின் வளைவோடு ஓடும்படி பார்த்துக் குடைந்திருக்கிறார்கள். தங்கம் வாங்கிய சரக்கு, இது அந்த மண்ணின் வேலை. பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும்.

*

நாடோடி செல்வன்:

அப்படியென்றால் மோக்லோஸில் ராஜாக்கள் இருந்தார்களா? இவ்வளவு தங்கத்தோடு புதைக்கிறார்கள் என்றால்?

*

மண்வெட்டி:

ராஜா என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. இந்தக் கல்லறைகள் கி.மு. 2600 – 2000 அளவில் புழக்கத்தில் இருந்தவை. நோசோஸ் அரண்மனை எழும்புவதற்கு முந்தியவை. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து, தலைமுறை தலைமுறையாகத் திறந்து திறந்து புதைத்தார்கள். தனி ஒருவருக்கான நினைவிடம் இல்லை.

ஆனால் எல்லாக் குடும்பமும் சமம் இல்லை. மேற்குப் படியில் இருப்பவை பெரிய கல் பலகைகளை நிறுத்திக் கட்டியவை. அதிலும் 4, 5, 6 என்று எண்ணிட்ட கல்லறைத் தொகுதிக்கு முன்னால் கல் பாவிய முற்றமும் உயர்ந்த மேடையும் இருக்கின்றன. அங்கே கூட்டம் கூடிச் சடங்கு நடந்திருக்க வேண்டும். தென்சரிவில் இருப்பவை சிறியவை, சில வெறும் பாறை இடுக்குகள். அங்கே தோண்டிய தொல்லியலாளர் சோல்ஸ் 1992-இல் இதை விரிவாக எழுதினார்: முன்னணிக் குடும்பங்கள் இரண்டொன்று, மற்றவர்கள் பின்னால் என்பது அவர் கட்சி.

*

குறுக்குக்கேள்வி:

இதை ஏற்க மாட்டேன். தங்கம் மேற்குப் படியில் மட்டுமா கிடைத்தது? தென்சரிவிலும் கிடைத்திருக்கிறது. மேற்குக் கல்லறைகள் மலையிலிருந்து சரிந்த மண்ணில் மூடிக் கிடந்ததால் பத்திரமாக இருந்தன. திறந்து கிடந்த சரிவில் அரிப்பும் திருட்டும். எது மிஞ்சியதோ அதை வைத்து எது இருந்தது என்று சொல்கிறோம். மேலும் ஒரு கல்லறையை 500 ஆண்டு பயன்படுத்தினால் உள்ளே இருக்கும் தங்கம் ஒரே பணக்காரருடையதா, இருபது தலைமுறையின் சேமிப்பா?

*

மண்வெட்டி:

தங்கத்தைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் நான் முற்றத்தை வைத்துத்தான் பேசுகிறேன். சுவரையும் தளத்தையும் யாரும் திருடிக்கொண்டு போவதில்லை. பெரிய பலகைக் கல்லைக் கொண்டுவந்து நிறுத்த ஆள் பலம் வேண்டும். மேடை வைத்த முற்றம் மற்ற எவருக்கும் இல்லை. கட்டடம் சொல்வது தங்கம் சொல்வதைவிட நம்பகம்.

*

கண்ணாடிக்கடல்:

மினோவர்கள்தான் அட்லாண்டிஸ் மக்கள். எரிமலை வெடித்து மூழ்கிவிட்டார்கள். இதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

*

நெறியாளர்:

அட்லாண்டிஸுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போடவும்.

*

மண்வெட்டி:

நெறியாளர் மன்னிக்க, ஒரு வரி மட்டும். கிரீட்டுக்கு வடக்கே வெடித்த சாந்தோரினி எரிமலையின் சாம்பல் மோக்லோஸ் வீடுகளில் அடுக்காகவே கிடைத்திருக்கிறது. 1989-இல் தொடங்கிய சோல்ஸ் – தாவராஸ் அகழாய்வில் தெரிந்தது என்னவென்றால், அந்தச் சாம்பலுக்கு மேலே புதிய வீடுகள் கட்டியிருக்கிறார்கள். வெடிப்புக்குப் பின்னும் ஊர் வாழ்ந்தது, அடுத்த தலைமுறைகளில் இன்னும் நன்றாகவே வாழ்ந்தது. வெடிப்பால் மினோவர் ஒரேயடியாக அழிந்தார்கள் என்ற கதைக்கு இந்த ஊர்தான் நேரடி மறுப்பு.

*

நாடோடி செல்வன்:

திறந்து திறந்து புதைத்தார்கள் என்றால் முன்னால் இருந்த பிணம்?

*

மண்வெட்டி:

சதை போனதும் எலும்பை ஒதுக்குவார்கள். மண்டையோட்டைத் தனியாக எடுத்துச் சுவரோரம் அடுக்குவார்கள், மற்றவற்றை ஒரு மூலைக்கோ பின்னறைக்கோ தள்ளுவார்கள். மெசாரா தோலோஸ்களில் இடம் நிறைந்தபோது எலும்பை வெளியே எடுத்திருக்கிறார்கள், சிலவற்றில் தீ மூட்டிய தடமும் உண்டு. உடல் இன்னும் உடலாக இருக்கும்வரை அதற்கு ஏகப்பட்ட மரியாதை, கிண்ணம், நகை, விருந்து. எலும்பானபின் அது முன்னோர் கூட்டத்தில் ஒன்று, யாருடையது என்ற கணக்கில்லை.

இதன் உச்சம் லசித்தி மேட்டுநிலத்தில் அகியோஸ் ஹராலம்போஸ் குகை. வேறெங்கோ புதைத்து எடுத்த நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகளை மொத்தமாக அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கூடவே சிஸ்ட்ரம் என்ற ஆட்டி ஒலிக்கும் இசைக்கருவிகள், களிமண்ணில் செய்தவை. எலும்பைச் சுமந்து வந்த நாளில் சத்தமும் ஆட்டமும் இருந்திருக்கும்.

*

ஒலிவமரம்:

இதைக் கேட்டு அதிர்ச்சி அடைய வேண்டாம் செல்வன். இன்றைய கிரேக்கத்திலும் நகரங்களில் கல்லறை இடத்தை மூன்று ஆண்டுக்குத்தான் தருவார்கள். அப்புறம் குடும்பத்தார் முன்னிலையில் தோண்டி, எலும்பை மதுவில் கழுவி, சின்னப் பெட்டியில் போட்டு எலும்பகத்தில் வைப்பார்கள். என்னோடு வேலை செய்யும் பெண்மணி ஒருவர் தன் தந்தைக்கு இதைச் செய்தபோது விடுப்பு எடுத்துப் போனார். திரும்பி வந்து, எலும்பு நல்ல மஞ்சளாக இருந்தது, ஆத்மா சாந்தியாக இருக்கிறது என்றார். 4,000 ஆண்டு இடைவிடாத தொடர்ச்சி என்றெல்லாம் நான் சொல்லவில்லை. கிறிஸ்தவ வழக்கம், இட நெருக்கடி, எல்லாம் சேர்ந்தது. ஆனால் எலும்பைக் கையால் தொடுவது அங்கே யாருக்கும் அருவருப்பில்லை.

*

அகல்யா:

நான் மரபணுத் துறை, தொல்லியல் தெரியாது. எலும்புப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். 2017-இல் லசாரிடிஸ் குழு மினோவன் எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்தது. அதில் மண்வெட்டி அண்ணன் சொன்ன அதே ஹராலம்போஸ் குகையும் உண்டு. வம்சாவளியில் பெரும்பங்கு ஏஜியன், அனத்தோலியாவின் முதல் உழவர்களிடமிருந்து. மீதி காக்கசஸ், ஈரான் பக்கத்து மக்களோடு தொடர்புடையது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று, நோசோஸைத் தோண்டிய எவான்ஸ் காலத்தில் ஓடிய பேச்சுக்கு அதில் ஆதாரம் இல்லை.

எனக்கு இதைவிடச் சுவையானது 2023-இல் வந்த ஆய்வு. வெண்கலக் கால ஏஜியனில், குறிப்பாகத் தீவுகளில், ஏறக்குறைய பாதிப் பேரின் பெற்றோர் நெருங்கிய உறவினர்கள். ஆங்கிலத்தில் முதல் கசின், இரண்டாம் கசின் என்கிறார்களே, அந்த அளவுச் சொந்தத்துக்குள் திருமணம். பண்டைய உலகில் வேறெங்கும் இவ்வளவு அடர்த்தியாகப் பார்த்ததில்லை என்று அவர்களே வியந்தார்கள். ஆலிவ், திராட்சைத் தோட்டம் குடும்பத்தை விட்டுப் போகாமல் இருக்கத்தான் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

*

தேன்மொழி:

அத்தை மகனா, மாமன் மகளா, இல்லை சித்தப்பா பிள்ளையா? நமக்கு முதல் கேள்வி அதுதான் அகல்யா!

*

அகல்யா:

அக்கா, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது :) அந்தத் தரவு சொல்வது உறவின் நெருக்கத்தை. எந்த வழி உறவு என்பதை அதிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். நமக்கு ஒன்று முறை, இன்னொன்று முறை தவறியது. டிஎன்ஏ-வுக்கு இரண்டும் ஒரே நீளத் துண்டு.

*

குறுக்குக்கேள்வி:

இது என் வாதத்துக்கும் உதவுகிறதே. சின்ன ஊர், உள்ளுக்குள்ளேயே கல்யாணம் என்றால் மேற்குப் படிக்காரர்களும் தென்சரிவுக்காரர்களும் நாலு தலைமுறையில் ஒரே குடும்பம். முன்னணிக் குடும்பம், பின்னணிக் குடும்பம் என்று பிரிப்பதெல்லாம் எதற்கு?

*

மண்வெட்டி:

நெருங்கிய சொந்தத்துக்குள் மட்டும் கட்டிக்கொண்டால் நேர் எதிராகவும் நடக்கலாம். தோட்டம் போலவே கல்லறையும் வெளியே போகாது. ஒரு கல்லறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று எலும்பு எலும்பாகச் சோதித்தால்தான் நம் இருவரில் யாருடைய கட்சி நிற்கும் என்று தெரியும். சேர்த்துக் குவித்த எலும்பில் அது லேசான வேலை இல்லை.

*

நாடோடி செல்வன்:

சீகர் 1908-லேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டாரா? இப்போது போனால் பார்க்க என்ன மிச்சம்?

*

தேன்மொழி:

எங்கே எடுத்தார்! 1971-இல் தாவராஸ் அதே இடத்தைத் துப்புரவு செய்தபோது ஒரு வெள்ளிப் பாத்திரம் கிடைத்தது. உள்ளே தங்க நகைகள். அதில் ஒரு நெற்றிப்பட்டம், கிரீட்டின் காட்டாடுகள் புள்ளிப்புள்ளியாகக் குத்தியவை, மேலே கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள். சீகரின் ஆட்கள் காலடியிலேயே அறுபது ஆண்டுக்கு மேல் கிடந்திருக்கிறது.

சீகர் பாவம், நல்லவர். 1912-இலேயே மோக்லோஸ் புத்தகத்தை வெளியிட்டுவிட்டார். தோண்டிவிட்டு எழுதாமல் போகிறவர்கள் நிறைந்த துறையில் அதுவே பெரிது. பக்கத்து ஊரான பாகியம்மோஸில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். அந்தக் கடற்கரையிலும் 200-க்கு மேல் ஈமத்தாழிகளைத் தோண்டினார். உடலை மடக்கித் தாழிக்குள் வைத்து, தாழியை வாய் கீழாகக் கவிழ்த்துப் புதைத்தவை. 1925-இல், 43 வயது கூட ஆகாமல் இறந்தார்.

அவர் கண்டெடுத்ததில் ஒன்றை யாரும் இனிப் பார்க்க முடியாது. தங்க மோதிரம். அதன் முகப்பில் படகு, முன்முனை விலங்குத் தலை போல. படகில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள், பின்னால் சிறு கோயிலும் மரமும். தெய்வம் கடலில் போகும் காட்சி. சில ஆண்டுக்குள் அருங்காட்சியகத்திலிருந்தே திருட்டுப் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பது அதைப் பார்த்து வரைந்த படமும் பழைய பதிவுகளும்தான்.

*

குறுக்குக்கேள்வி:

படகில் தெய்வம். செல்வன், உங்கள் கடல் தாண்டும் நம்பிக்கைக்கு இதுதான் ஒரே ஊன்றுகோல். பிடித்துக்கொள்ளுங்கள்.

*

மண்வெட்டி:

அந்த மோதிரம் இந்தக் கல்லறைகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. கடலை நம்பிப் பிழைத்த ஊரில் தெய்வம் படகில் வராமல் வண்டியிலா வரும்?

*

நாடோடி செல்வன்:

சரி, கடல் தாண்டும் கதையைப் பயணப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது நடைமுறைக்கு வருகிறேன். மோக்லோஸுக்குப் படகு கிடைக்குமா? ப்சீராவுக்கு?

*

ஒலிவமரம்:

மோக்லோஸுக்குக் கிராமத்திலேயே கேளுங்கள். உணவகத்தில் கேட்டால் யாராவது ஒருவரைக் கைகாட்டுவார்கள். போகும்போதே திரும்ப அழைக்க வரும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், தீவில் நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. சிலர் நீந்தியே போய்விடுகிறார்கள். உங்கள் தம்பிக்குப் பழக்கம் இருந்தாலும் வேண்டாம், காலணியில்லாமல் அந்தப் பாறையில் நடக்க முடியாது. காலையில் போனால் மேற்குப் படி பாறையின் நிழலில் இருக்கும், மதியத்துக்குப் பிறகு வெயில் நேரே விழும்.

ப்சீரா வேறு விஷயம். முறையான படகுச் சேவையை நம்பிப் போகாதீர்கள், ஆள் பேசித்தான் போக வேண்டும். அகியோஸ் நிக்கோலாவோஸ் அல்லது மோக்லோஸில் விசாரியுங்கள். வடக்குக் காற்று எழும்பிவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கிறேன் என்பவரோடு நீங்களும் ஏறாதீர்கள். அதனால் ப்சீராவைப் பயணத்தின் முதல் நாட்களில் வையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் முயலலாம்.

தங்கமும் கல் கிண்ணங்களும் தீவில் இல்லை, இரக்லியோனில் இருக்கின்றன. காட்டாடுப் பட்டம் அகியோஸ் நிக்கோலாவோஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு. அது பல ஆண்டுகள் புதுப்பிப்புக்காக மூடிக் கிடந்தது, கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் இரக்லியோன், அப்புறம் தீவு என்று போனால் வெற்றுச் சுவருக்குள் எது எங்கே இருந்தது என்று புரியும்.

*

தேன்மொழி:

கண் பட்டத்தைச் சாய்ந்து பாருங்கள் செல்வன். நேரே நின்று படம் எடுத்தால் ஒன்றும் விழாது.

*

நாடோடி செல்வன்:

எல்லோருக்கும் நன்றி. முதல் நாள் இரக்லியோன், இரண்டாம் நாள் காற்றைப் பார்த்து ப்சீரா, மூன்றாம் நாள் மோக்லோஸ் என்று போட்டிருக்கிறேன். கூர்னியா வழியிலேயே வருவதால் அங்கேயும் ஒரு மணி நேரம். வேறு யாருக்காவது ப்சீராவில் இடுகாட்டுப் பக்கம் நடந்த அனுபவம் இருந்தால் பாதையைப் பற்றி எழுதுங்கள், ஊர் இடிபாட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் நேரத்தைக் கணக்கிட உதவும்.